கொறடா உத்தரவும் கிராமசபைத் தீர்மானமும்: ஒரு சட்டமன்ற உறுப்பினரின் கேள்விக்குப் பதில்

கேள்வி: ஐயா, நான் ஆளுங்கட்சிச் சின்னத்தில் நின்று முதல்முறையாகத் தமிழ்நாடு சட்டமன்றத்துக்கு வந்திருப்பவன். தொழில் திட்டங்களுக்காக நீர்நிலைப் புறம்போக்கையும் மேய்ச்சல் நிலத்தையும் வகைமாற்றம் செய்வதை எளிதாக்கும் சட்டமுன்வடிவு ஒன்று வரும் கூட்டத்தொடரில் கொண்டுவரப்பட இருக்கிறது. அது நிறைவேறினால் என் தொகுதியில் இரண்டு ஏரிகளுக்கு ஆபத்து என்று மூன்று ஊராட்சிகள் கிராமசபையில் தீர்மானம் போட்டு, நகலை என் கையில் கொடுத்திருக்கின்றன. அந்த ஏரிக்கரையில் நின்றுதான் நான் ஓட்டுக் கேட்டேன். ஏரியைக் காப்பேன் என்று வாக்கும் கொடுத்தேன். என் எதிர்ப்பைத் தெரிவித்தபோது மாவட்டச் செயலாளர், "கட்சி சொல்கிறபடி வாக்களிக்கக் கொறடா உத்தரவு வரும், மீறினால் பதவி போய்விடும், அடுத்த முறை சீட்டும் கிடையாது" என்றார். தலைமையிலிருந்தும் இருமுறை தொலைபேசியில் பேசிவிட்டார்கள். உண்மையிலேயே பதவி போய்விடுமா? அன்றைக்கு மட்டும் மருத்துவமனையில் படுத்துக்கொண்டால் தப்பிக்கலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள், அது சரியா? கட்சிக்குத் துரோகி என்ற பெயரும் வேண்டாம், ஊரை ஏமாற்றியவன் என்ற பெயரும் வேண்டாம். பெயரையும் தொகுதியையும் வெளியிட வேண்டாம்.

பதில்: அன்புள்ள ஐயா, உங்கள் கடிதத்தில் இருந்த சட்டமுன்வடிவின் பெயரையும் ஊராட்சிகளின் பெயர்களையும் நீக்கிவிட்டே இதை எழுதுகிறேன். முதல் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பதவி போக வாய்ப்பு உண்டு. ஆனால் உங்கள் மாவட்டச் செயலாளர் சொன்ன அளவுக்கு அது தானாகவும் உடனடியாகவும் நடந்துவிடாது. அதைவிட முக்கியமான ஒன்றையும் இங்கேயே சொல்ல வேண்டும். வாக்கெடுப்பு நாளன்று என்ன செய்வது என்பதிலேயே உங்கள் கவலை முழுவதும் நிற்கிறது, ஆனால் சட்டம் உங்களுக்கு விட்டுவைத்திருக்கும் இடம் பெரும்பாலும் அந்த நாளுக்கு முன்னால்தான் இருக்கிறது.

அரசியலமைப்பின் பத்தாவது அட்டவணை, அதாவது கட்சித் தாவல் தடைச் சட்டம், 1985இல் 52ஆவது திருத்தத்தின் வழியாகச் சேர்க்கப்பட்டது. 1967க்குப் பிறகு வட மாநிலங்களில் உறுப்பினர்கள் காலையில் ஒரு கட்சி, மாலையில் ஒரு கட்சி என்று மாறி அரசுகளைக் கவிழ்த்ததுதான் அதன் பின்னணி. அரியானாவில் கயா லால் என்ற உறுப்பினர் கட்சி மாறிய வேகம் இன்றும் இந்தி அரசியலில் பழமொழியாகவே நிற்கிறது. ஆனால் விலைபோகும் உறுப்பினரைத் தடுக்க எழுதப்பட்ட அந்த அட்டவணை, மனசாட்சியோடு மாறுபடும் உறுப்பினரையும் அதே வலையில் சேர்த்துப் பிடித்துவிட்டது. அதன் இரண்டாம் பத்தி இரண்டு காரணங்களுக்காகக் கட்சி உறுப்பினரின் பதவியைப் பறிக்கிறது. ஒன்று, அவர் தம் கட்சி உறுப்பினர் நிலையைத் தாமாகவே கைவிடுவது. மற்றது, கட்சியோ கட்சியால் அதிகாரமளிக்கப்பட்டவரோ பிறப்பித்த கட்டளைக்கு மாறாக, முன் அனுமதி பெறாமல் அவையில் வாக்களிப்பது அல்லது வாக்களிக்காமல் இருப்பது, அச்செயலைக் கட்சி 15 நாட்களுக்குள் மன்னிக்காமல் விடுவது.

இந்த இரண்டாவது காரணத்தின் வாசகத்தை நிதானமாகப் படித்துப் பாருங்கள். கட்டளை இருக்க வேண்டும். அதைப் பிறப்பித்தவருக்கு அதற்கான அதிகாரம் இருக்க வேண்டும். அது அவையில் நடக்கும் வாக்கெடுப்பைப் பற்றியதாக இருக்க வேண்டும். நீங்கள் முன் அனுமதி பெறாமல் இருந்திருக்க வேண்டும். கட்சி உங்களை மன்னிக்காமல் இருந்திருக்க வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் தகுதிநீக்கம் நிற்காது. மாவட்டச் செயலாளரின் தொலைபேசி அழைப்பு கட்டளை ஆகாது. தலைமை அலுவலகத்திலிருந்து பேசியவரின் குரலும் கட்டளை ஆகாது. அவையில் கட்சியின் கட்டளையைப் பிறப்பிக்கும் கொறடாவை நியமிக்கும் உரிமை அவைக்குள் இருக்கும் சட்டமன்றக் கட்சிக்கு உரியதல்ல, வெளியே இருக்கும் அரசியல் கட்சிக்கே உரியது என்று மகாராஷ்டிர வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2023 மே மாதம் தீர்ப்பளித்தது. ஆகவே தாள் உங்கள் கைக்கு வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது கையொப்பத்தை.

அடுத்ததாகப் பார்க்க வேண்டியது உத்தரவின் வாசகத்தை. "அனைத்து உறுப்பினர்களும் தவறாமல் அவைக்கு வருகை தர வேண்டும்" என்று மட்டும் இருந்தால், அது வருகைக்கான கட்டளை. எப்படி வாக்களிக்க வேண்டும் என்பதற்கான கட்டளை அன்று. "குறிப்பிட்ட சட்டமுன்வடிவை ஆதரித்து வாக்களிக்க வேண்டும், மீறினால் பத்தாவது அட்டவணையின்படி தகுதிநீக்க நடவடிக்கை எடுக்கப்படும்" என்று இருந்தால் அது வேறு ரகம். கிஹோட்டோ ஹொலோஹான் வழக்கில் 1992இல் உச்ச நீதிமன்றத்தின் பெரும்பான்மைத் தீர்ப்பு, தகுதிநீக்கத்தில் முடியக்கூடிய உத்தரவு அதைத் தெளிவாகச் சொல்லும் வாசகத்தோடு இருப்பதே பொருத்தம் என்று குறிப்பிட்டது. உத்தரவு எந்த நாளில், எந்த நேரத்தில், எந்த வழியில் உங்களை வந்தடைந்தது என்பதையும் குறித்து வையுங்கள். இப்போதெல்லாம் கைபேசியில் வாட்ஸப் செய்தியாகவே வந்துவிடுகிறது. அப்படி வந்தால் அதை அழிக்காதீர்கள், அதே சமயம் "பார்க்கவே இல்லை" என்று பின்னால் சொல்லித் தப்பிக்கலாம் என்றும் எண்ணாதீர்கள்.

அதே 1992 தீர்ப்பில் உங்களுக்கு இன்னும் நெருக்கமான பகுதி ஒன்று உண்டு. பத்தாவது அட்டவணை செல்லும் என்று சொன்ன நீதிபதிகள், உறுப்பினரின் பேச்சுரிமையையும் கருத்துரிமையையும் மனத்தில் கொண்டு, பதவி பறிப்பில் முடியும் கட்டளை இரண்டு சூழல்களோடு நிற்க வேண்டும் என்றார்கள். அரசின் மீதான நம்பிக்கையைத் தீர்மானிக்கும் வாக்கெடுப்பு ஒன்று. கட்சி எந்தக் கொள்கையையும் திட்டத்தையும் முன்வைத்து வாக்காளர்களை அணுகியதோ அதன் அடிப்படையான பகுதி தொடர்பான வாக்கெடுப்பு மற்றொன்று. ஆகவே உங்கள் கட்சியின் தேர்தல் அறிக்கையை எடுத்து மேசையில் வைத்து, நீர்நிலை, நிலம், தொழில் ஆகிய தலைப்புகளின் கீழ் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். இந்த வகைமாற்றம் அதில் வெளிப்படையாகச் சொல்லப்பட்டிருந்தால் உங்கள் நிலை பலவீனமாகிவிடும். சொல்லப்படவில்லை என்றாலோ, அதற்கு நேர்மாறாக நீர்நிலைகளைக் காப்போம் என்ற வரி இருந்தாலோ, அந்தப் பக்கம்தான் உங்கள் கையில் இருக்கும் ஆவணங்களில் மிகவும் வலுவானது.

ஆனால் இந்தத் தீர்ப்பை மட்டும் கேடயமாக நம்பி அவைக்குள் போய்விடாதீர்கள் என்பதையும் நான் சொல்லியாக வேண்டும். நடைமுறையில் எல்லாக் கட்சிகளும் சாதாரணச் சட்டமுன்வடிவுகளுக்கும் கொறடா உத்தரவு பிறப்பித்துக்கொண்டுதான் இருக்கின்றன. 1990இல் தேர்தல் சீர்திருத்தத்துக்கான தினேஷ் கோஸ்வாமி குழுவும் 1999இல் சட்ட ஆணையத்தின் 170ஆவது அறிக்கையும் இந்த அதிகாரத்தைச் சுருக்கச் சொல்லின. 2010இல் மக்களவை உறுப்பினர் மணீஷ் திவாரி இதற்காகத் தனிநபர் மசோதா ஒன்றையே கொண்டுவந்தார். சட்டத்தின் வாசகம் இன்று வரை மாறவில்லை. உங்கள் விஷயத்தில் முதலில் தீர்ப்புச் சொல்லப் போகிறவரும் நீதிபதி அல்லர், பேரவைத் தலைவர். அவரும் பெரும்பாலும் ஆளுங்கட்சியைச் சேர்ந்தவரே. நீதிமன்றம் அதற்குப் பிறகுதான் வரும்.

பேரவைத் தலைவர்கள் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்பதற்கு நம் மாநிலத்திலேயே ஒரே ஆண்டில் இரண்டு நிகழ்வுகள் உண்டு. 2017 பிப்ரவரி 18 அன்று நடந்த நம்பிக்கை வாக்கெடுப்பில் ஆளுங்கட்சியைச் சேர்ந்த 11 உறுப்பினர்கள் அரசுக்கு எதிராக வாக்களித்தார்கள். அவர்கள் தகுதிநீக்கம் செய்யப்படவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் அதே கட்சியின் வேறொரு பிரிவினர் முதலமைச்சருக்கான ஆதரவை விலக்கிக்கொள்வதாக ஆளுநரிடம் கடிதம் கொடுத்தார்கள். வாக்கெடுப்பே நடக்காத நிலையில், கட்சி உறுப்பினர் நிலையைத் தாமாகவே கைவிட்டார்கள் என்ற காரணத்தின்கீழ், செப்டம்பர் 18 அன்று அவர்களில் 18 பேர் பதவி இழந்தார்கள். சென்னை உயர் நீதிமன்றத்தில் முதலில் இரு நீதிபதிகள் மாறுபட்ட தீர்ப்பு வழங்க, மூன்றாவது நீதிபதி 2018 அக்டோபரில் தகுதிநீக்கத்தை உறுதிசெய்தார். இதில் உங்களுக்கான பாடம், வாக்கைக் காட்டிலும் அவைக்கு வெளியே நடந்துகொள்ளும் விதமே சில வேளைகளில் பெரிய ஆபத்தாக முடியும் என்பது. கட்சியைக் கைவிடுவது என்றால் விலகல் கடிதம் கொடுப்பது மட்டுமல்ல, நடத்தையிலிருந்தும் அதை ஊகிக்கலாம் என்று ரவி நாயக் வழக்கில் 1994லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எனவே எதிர்க்கட்சியின் போராட்ட மேடையில் ஏறாதீர்கள். அவர்களின் தலைவரோடு சேர்ந்து நின்று படம் எடுத்துக்கொள்ளாதீர்கள். "இந்தக் கட்சியில் இனி எனக்கு வேலை இல்லை" என்று கோபத்தில் பேட்டி கொடுக்காதீர்கள். சட்டமுன்வடிவை எதிர்க்கும் ஒவ்வொரு வாக்கியத்திலும் நீங்கள் கட்சியின் உறுப்பினராகவே பேசுகிறீர்கள் என்பது தெரிய வேண்டும்.

மருத்துவமனை யோசனைக்கு வருகிறேன். உங்கள் நண்பர்கள் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார்கள், ஆனால் இதைவிட மோசமான வழி எனக்குத் தெரியவில்லை. வாக்களிக்காமல் இருப்பதும் எதிர்த்து வாக்களிப்பதும் அட்டவணையின் கண்ணில் ஒன்றே. 2024 பிப்ரவரியில் இமாச்சலப் பிரதேசத்தில் ஆளுங்கட்சியைச் சேர்ந்த ஆறு உறுப்பினர்கள் மாநிலங்களவைத் தேர்தலில் எதிர் வேட்பாளருக்கு வாக்களித்தார்கள். மாநிலங்களவைத் தேர்தலில் வாக்களிப்பது அவையின் நடவடிக்கை அன்று என்பதால் அதற்காக அவர்களின் பதவியைப் பறிக்க முடியாது. ஆனால் அதற்கடுத்து, கொறடா உத்தரவு இருந்தும் நிதிநிலை அறிக்கை மீதான வாக்கெடுப்புக்கு அவர்கள் வரவில்லை. பேரவைத் தலைவர் அந்தக் காரணத்தைக் கொண்டே ஆறு பேரையும் தகுதிநீக்கம் செய்தார். உங்கள் நண்பர்களின் யோசனையில் இதோடு பொய்ச் சான்றிதழ் ஒன்றும் சேருகிறது. நன்றாக இருக்கும் மனிதருக்குச் சான்றிதழ் எழுதித் தந்த மருத்துவரை நாளை யாரேனும் விசாரித்தால், ஏரிக்காக நின்ற உறுப்பினர் என்ற பெயர் போய், நாடகமாடிய உறுப்பினர் என்ற பெயர்தான் உங்களுக்கு மிஞ்சும். வாக்கெடுப்புக்குச் சற்று முன் எழுந்து வெளியே போய்விடுவதும் சட்டத்தின் பார்வையில் இதே வகைதான், பொய்ச் சான்றிதழ் ஒன்றுதான் இல்லை.

அப்படியானால் வாக்கெடுப்புக்கு முன்னால் என்ன இருக்கிறது? நான் மேலே எடுத்துக்காட்டிய வாசகத்தில் "முன் அனுமதி" என்ற சொற்கள் இருக்கின்றன. நம் சட்டமன்ற வாழ்க்கையில் மிகக் குறைவாகவே பயன்படும் சொற்கள் அவை. கட்டளைக்குக் கீழ்ப்படியாமலிருக்க அனுமதி கேட்கும் வழியை அட்டவணையே திறந்து வைத்திருக்கிறது என்பது பல உறுப்பினர்களின் நினைவுக்கே வருவதில்லை. கட்சித் தலைவருக்கும் கொறடாவுக்கும் முகவரியிட்டு ஒரு கடிதம் எழுதுங்கள். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். கிராமசபைத் தீர்மானங்களின் நகலையும், தேர்தல் அறிக்கையின் உரிய பக்கத்தையும், பாதிக்கப்படும் பாசனப் பரப்பைக் காட்டும் வருவாய்த்துறை ஆவணத்தையும் இணையுங்கள். கட்சி மீதும் அரசு மீதும் உங்களுக்கு நம்பிக்கை குலையவில்லை என்பதை முதல் பத்தியிலேயே சொல்லிவிட்டு, இந்த ஒரு சட்டமுன்வடிவின் வாக்கெடுப்பில் மட்டும் கலந்துகொள்ளாமலிருக்க அனுமதி கேளுங்கள். எதிர்த்து வாக்களிக்க அனுமதி கேட்பதைவிட இதற்கு இசைவு கிடைக்கும் வாய்ப்பு அதிகம். தலைமைக்கும் முகம் காக்க இடம் கிடைக்கிறது. அனுமதி எழுத்தில் கிடைத்தால் உங்கள் சிக்கல் தீர்ந்தது. கிடைக்காவிட்டாலும், பின்னாளில் பேரவைத் தலைவர் முன்போ நீதிமன்றத்திலோ நீங்கள் ஒளிந்து மறைந்து எதையும் செய்யவில்லை என்பதற்கு அந்தக் கடிதம் சாட்சியாகும்.

இதற்கு இணையாகச் சட்டமுன்வடிவின் உள்ளடக்கத்தை மாற்ற முயலுங்கள். என் பார்வையில் ஏரிகள் தப்புவதற்கு உண்மையான வழி இதுதான், உங்கள் ஒற்றை வாக்கு அன்று. 234 பேர் கொண்ட அவையில் பெரும்பான்மையோடு இருக்கும் அரசின் சட்டமுன்வடிவை ஒருவரின் எதிர் வாக்கு தோற்கடித்துவிடாது. துறை அமைச்சரை நேரில் சந்தித்து, உங்கள் தொகுதிக்கு மட்டுமென்று விலக்குக் கேட்காமல் எல்லாத் தொகுதிகளுக்கும் பொருந்தும் ஒரு நிபந்தனையைக் கேளுங்கள்: தற்போது பாசனத்துக்குப் பயன்படும் நீர்நிலைகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்ற ஒரு விலக்குரை, அல்லது கிராமசபையின் ஒப்புதல் இன்றி வகைமாற்றம் கூடாது என்ற ஒரு கூறு. ஆளுங்கட்சி உறுப்பினரான நீங்களே திருத்தம் கொண்டுவந்தால் அது கலகமாகப் பார்க்கப்படும். அமைச்சரே அரசுத் திருத்தமாகக் கொண்டுவந்தால் எல்லோரும் கைதட்டுவார்கள். பெயர் யாருக்குப் போகிறது என்று பார்க்காதீர்கள். அது முடியாவிட்டால் சட்டமுன்வடிவைத் தேர்வுக் குழுவின் ஆய்வுக்கு அனுப்பச் சொல்லுங்கள். அதுவும் முடியாவிட்டால், விவாதத்தில் பேச நேரம் கேட்டு, உங்கள் ஏரிகள் பாதிக்கப்படமாட்டா என்ற உறுதியை அமைச்சரின் வாயிலிருந்து அவைக்குறிப்பில் ஏறும்படி பெறுங்கள். அவையில் தரப்படும் உறுதிமொழி காற்றோடு போய்விடுவதில்லை. அரசு உறுதிமொழிக் குழு அதைப் பின்தொடரக் கடமைப்பட்டது. நீங்கள் பின்னர் எத்தனை முறை வேண்டுமானாலும் அதை எடுத்துக் கேட்கலாம்.

விவாதத்தில் பேசுவதற்கு அஞ்ச வேண்டாம். அவையில் பேசியதற்காகவோ வாக்களித்ததற்காகவோ எந்த நீதிமன்றத்திலும் உங்கள்மீது நடவடிக்கை எடுக்க முடியாது என்கிறது அரசியலமைப்பின் 194ஆவது கூறு. கட்டளையை மீறி வாக்களிப்பதைப் பற்றித்தான் இரண்டாம் பத்தி கவலைப்படுகிறது. விவாதத்தில் குறைகளைச் சுட்டுவது அதன்கீழ் வராது. "அரசின் நோக்கத்தை வரவேற்கிறேன், இந்தக் கூறு மட்டும் எங்கள் விவசாயிகளைப் பாதிக்கும்" என்று பேசிவிட்டு, கட்டளைப்படியே வாக்களிக்கும் உறுப்பினருக்குத் தகுதிநீக்கம் என்பது இல்லை. இது கோழைத்தனம் என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஒரு சட்டத்தின் குறையை ஆளுங்கட்சி இருக்கையிலிருந்தே ஒருவர் அவைக்குறிப்பில் ஏற்றிவைப்பது, பின்னாளில் அந்தச் சட்டத்தின் விதிகளை எழுதும்போதும் அதை எதிர்த்து வழக்குத் தொடரும்போதும் பயன்படும். சொல்லப்போனால், இத்தகைய சட்டங்களில் பல்லும் நகமும் இருப்பது பெரும்பாலும் விதிகளில்தான். சட்டம் நிறைவேறிய நாளோடு உங்கள் வேலை முடிந்துவிடாது.

நிறைவேறிய சட்டமும் திரும்பப் பெறப்பட்டதுண்டு. வேலை நேரத்தைப் பன்னிரண்டு மணி வரை நீட்டிக்க வழிசெய்த தொழிற்சாலைகள் திருத்தச் சட்டமுன்வடிவு 2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறியபோது கூட்டணிக் கட்சிகள் வெளிநடப்புச் செய்தன. சில நாட்களிலேயே அது நிறுத்திவைக்கப்பட்டு, மே நாளன்று திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார். ஆனால் ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். வெளிநடப்புச் செய்த கட்சிகளுக்குச் சொந்தத் தலைமையும் சொந்தக் கொறடாவும் உண்டு. உங்களுக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. உங்கள் பலம் அதே கவலை உள்ள பிற தொகுதி உறுப்பினர்களோடு சேரும்போதுதான் வரும். ஏரிப் பாசனம் உள்ள தொகுதிகளைச் சேர்ந்த உங்கள் கட்சியினர் நான்கைந்து பேர் சட்டமன்றக் கட்சிக் கூட்டத்தில் ஒரே கருத்தைச் சொன்னால், அதைத் தனிநபரின் முரண்டு என்று தலைமை ஒதுக்கிவிட முடியாது. தனியாகப் போய்த் தலைவரிடம் முறையிடுவதற்கும் இதற்கும் மிகுந்த வேறுபாடு உண்டு.

இன்னொரு நடைமுறை உண்மையும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பெரும்பாலான சட்டமுன்வடிவுகள் குரல் வாக்கெடுப்பிலேயே நிறைவேறுகின்றன. ஆதரிப்போர் ஆம் என்க, எதிர்ப்போர் இல்லை என்க என்று கேட்கப்பட்டு, சில நொடிகளில் "நிறைவேறியது" என்று அறிவிக்கப்படுகிறது. பகுப்பு வாக்கெடுப்பு கோரப்பட்டால் மட்டுமே யார் எப்பக்கம் என்பது பதிவாகும். ஆகவே உங்கள் இருக்கையில் அமைதியாக அமர்ந்திருந்து, எந்தப் பதிவும் இல்லாமல் அந்த நாளைக் கடந்துவிடுவது பெரும்பாலும் முடியும். சட்டப்படி இதில் ஆபத்துக் குறைவு. ஆனால் அப்படி அமர்ந்திருந்துவிட்டு ஊருக்கு வந்து "நான் எதிர்த்தேன்" என்று சொன்னால், அதை உங்கள் வழக்கறிஞராக இருந்தாலும் நான் ஆதரிக்க மாட்டேன்.

எல்லாம் செய்தும் பலனில்லாமல், தெளிவான கட்டளை எழுத்தில் வந்து, பகுப்பு வாக்கெடுப்பும் நடந்தால், முடிவு உங்களுடையது. அதன் விளைவுகளை மட்டும் நான் சொல்ல முடியும். எதிர்த்து வாக்களித்தால் கட்சி உங்களை மன்னிக்க 15 நாள் உண்டு. மன்னிக்காவிட்டால் பேரவைத் தலைவரிடம் புகார் போகும். விளக்கம் தர உங்களுக்கு வாய்ப்பளிக்க வேண்டும். அவர் முடிவை உயர் நீதிமன்றத்தில் எதிர்க்கலாம். பதவி போனாலும் அதற்குப் பிறகு நடக்கும் இடைத்தேர்தலில் நீங்களே மீண்டும் நிற்கலாம். கர்நாடக வழக்கில் 2019இல் உச்ச நீதிமன்றம், அவையின் எஞ்சிய காலம் முழுவதும் போட்டியிடக் கூடாது என்று பேரவைத் தலைவர் தடைவிதிக்க முடியாது என்று தெளிவாக்கியது. மீண்டும் வெற்றிபெறும் வரையோ அவையின் காலம் முடியும் வரையோ அமைச்சர் பதவியும் ஊதியம் தரும் அரசியல் பதவிகளும் மட்டும் கிடைக்கமாட்டா. இங்கே உங்கள் தலைமை போடும் கணக்கையும் நீங்கள் போட்டுப் பாருங்கள். அரசின் ஆயுள் ஊசலாடாத ஒரு சட்டமுன்வடிவுக்காக ஓர் உறுப்பினரை நீக்கி, எந்த ஏரிக்காக அவர் எதிர்த்தாரோ அந்த ஏரிக்கரையிலேயே இடைத்தேர்தலைச் சந்திக்க எந்தக் கட்சி விரும்பும்? நாடு முழுவதும் பேசப்பட்ட தகுதிநீக்க வழக்குகளில் பெரும்பாலானவை அரசு கவிழுமா நிற்குமா என்ற தருணங்களில் எழுந்தவை என்பதையும் எண்ணிப் பாருங்கள். கட்சி உங்களை நீக்கினாலும் கூட, 1996இல் நம் மாநில வழக்கான விசுவநாதன் வழக்கில் சொல்லப்பட்டபடி, நீக்கப்பட்டவர் அட்டவணையைப் பொறுத்தவரை அதே கட்சியைச் சேர்ந்தவராகவே கருதப்படுவார். வேறு கட்சியில் சேர்ந்தால்தான் பதவி போகும். அடுத்த முறை சீட்டுக் கிடையாது என்ற மிரட்டல் மட்டும் உண்மையானது. அதற்குச் சட்டத்தில் மருந்து இல்லை.

பிரிட்டனில் இந்த நிலை இல்லை என்பதை அடிக்கடி எடுத்துக்காட்டுவார்கள். 2024 ஜூலையில் குழந்தைகளுக்கான உதவித்தொகை வரம்பு தொடர்பாக அரசுக்கு எதிராக வாக்களித்த தொழிற்கட்சி உறுப்பினர்கள் ஏழு பேர் நாடாளுமன்றக் கட்சியிலிருந்து தற்காலிகமாக விலக்கிவைக்கப்பட்டார்கள்; அவர்களின் நாடாளுமன்ற இருக்கை போகவில்லை. உண்மைதான், ஆனால் நீங்கள் வாழ்வது பத்தாவது அட்டவணையின்கீழ்.

துரோகம் என்ற சொல்லைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்கு விழுந்த வாக்குகளில் பெரும்பகுதி சின்னத்துக்கு விழுந்தவை என்பதை நீங்கள் மறுக்க மாட்டீர்கள். எனவே கட்சிக்கு உங்கள்மீது உரிமை உண்டு. அந்த உரிமை எதுவரை என்பதற்கு நான் பயன்படுத்தும் அளவுகோல் 1992 தீர்ப்பில் உள்ளதே: கட்சி மக்களிடம் சொல்லி வாக்குக் கேட்டதற்கு உங்கள் வாக்கை அது கேட்கலாம், சொல்லாததற்குக் கேட்கும்போது, சொல்லி வாக்குக் கேட்ட உங்கள் சொல்லுக்கு முன்னுரிமை. ஆனால் உங்களையும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். தீர்மானம் போட்டவை மூன்று ஊராட்சிகள். உங்கள் தொகுதியில் மற்ற ஊராட்சிகள் என்ன நினைக்கின்றன? வேலை வேண்டும் என்று தொழிற்சாலையை எதிர்பார்க்கும் இளைஞர்களிடம் பேசினீர்களா? தீர்மானத்தை முன்னின்று நடத்தியவர்கள் ஆயக்கட்டு விவசாயிகளா, அல்லது அருகில் மனை போட்டு வைத்திருப்பவர்களா? தொகுதியின் நலன் என்று சொல்வதற்கு முன் இந்த விசாரிப்பு தேவை. உங்கள் கடிதத்தில் அதற்கான தடயம் இல்லை. தலைமை உங்களிடம் முதலில் கேட்கப்போகும் கேள்வியும் இதுவாகத்தான் இருக்கும்.

ஒன்றை மட்டும் சுருக்கமாக எச்சரிக்கிறேன். ஆதரித்து வாக்களிக்கவோ எதிர்த்து வாக்களிக்கவோ யாரேனும் பணமோ ஒப்பந்தமோ தருவதாகச் சொன்னால், அந்த உரையாடலை அங்கேயே முடித்துவிட்டு வழக்கறிஞரிடம் தெரிவியுங்கள். 2024 மார்ச் 4 அன்று சீதா சோரன் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு, வாக்குக்கு இலஞ்சம் வாங்கிய உறுப்பினருக்கு அவைச் சிறப்புரிமை பாதுகாப்புத் தராது என்று தீர்ப்பளித்துவிட்டது.

சட்டமன்றக் கட்சிக் கூட்டத்துக்கு எப்படியும் நாள் குறிப்பார்கள். அனுமதி கேட்கும் கடிதம் அந்தக் கூட்டத்துக்கு முன்பே கட்சி அலுவலகத்தில் சேர்ந்திருக்க வேண்டும். நகலில் நாளோடு கூடிய ஒப்புகைக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போட மறுத்தால், அன்றே பதிவு வசதியுடன் விரைவுத் தபாலில் அனுப்பிவிட்டு இரசீதைப் பத்திரப்படுத்துங்கள். கொறடா உத்தரவு கைக்கு வந்ததும் அதன் நகலை எனக்கு அனுப்பினால், வாசகத்தைப் பார்த்து மேற்கொண்டு சொல்கிறேன்.